கைப்பிடியும் விசைப்பொத்தானும்

பழைய ஜேர்மன் கார் ஒன்றை வாங்க வருகிறவர்கள் முதலில் இஞ்சினின் சப்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். பிறகு குனிந்து அடித்தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓடிய கிலோமீட்டரை விசாரிப்பார்கள். பூசியிருக்கும் வர்ணம் ஆதியில் உள்ளதா, பிற்பாடு அடித்ததா என்பதை வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து நிர்ணயிப்பார்கள். கதவுக் கண்ணாடியை ஒருமுறை முற்றும் இறக்கி, மறுபடி முற்றும் ஏற்றிப் பார்க்கிறவர் அபூர்வத்திலும் அபூர்வம். ஆயினும், கார் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பின்னர், இஞ்சினைத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பம் அவருக்கு வருஷத்தில் ஓரிரு முறைதான் வாய்க்கும். கண்ணாடியையோ அவர் தினந்தோறும் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். காருக்கும் மனிதனுக்கும் இடையே நாள்தோறும் நிகழும் ஸ்பரிசங்களில் ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் அடுத்தபடியாக நிற்பது இந்தக் கண்ணாடிதான் என்பதை, அது பாதிவழியில் நின்றுபோய் மழைநீர் இருக்கையில் இறங்கும் வரையில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஸ்டுட்கார்ட் நகரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பழைய கார்களைச் செப்பனிடும் பட்டறையிலே என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பாஷை தெரியாமல், கைவேலை ஒன்றை மாத்திரம் நம்பி அங்கே சேர்ந்த எனக்கு, இஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பெருமை வாய்க்கவில்லை. அது மூத்தவர்களுடைய பாத்தியதை. எனக்கு வாய்த்தவை கதவுகள். பூட்டு, கீல், ரப்பர், கண்ணாடி என்று பிறர் சலித்து ஒதுக்கிய வேலையெல்லாம் என் மேசைக்கு வந்தது. நாளடைவில் கதவென்றால் என்னைக் கூப்பிடுவதே பட்டறையின் வழக்கமாயிற்று. அந்த வழக்கத்தின் பயனாக, கையால் சுற்றும் கண்ணாடி மேலா, மோட்டாரால் ஓடும் கண்ணாடி மேலா என்ற விவாதத்தை வாடிக்கையாளர் வாயிலாக ஓயாமல் கேட்கும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. இருதரப்பாரும் பெரும்பாலும் பார்க்கத் தவறுகிற ஒன்றைக் கதவுக்குள் கைவிட்ட அனுபவத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். அதன் மேலுறையை மெல்ல நெம்பினால் அடியில் ஒரு திருகாணி தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்து, கதவின் உட்பலகையை ஓரத்துக் கவ்விகளிலிருந்து விடுவித்தால், பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியின் வெளிப்புறமாக வழிந்து கதவுக்குள் இறங்கும் மழைநீர் உட்பலகையைத் தொட்டு அதை உப்பச் செய்யாதபடி காப்பது இந்தத் தாள். முன்பு எவனோ அவசரத்தில் கிழித்தெறிந்துவிட்டுப் போன தாளை எத்தனையோ கதவுகளில் நான் புதிதாக வெட்டி ஒட்டியிருக்கிறேன். தாளை உரித்தால் தகட்டில் வெட்டிய ஜன்னல்கள் வழியாக யந்திரம் தென்படும்: விசிறி வடிவில் பற்கள் வெட்டிய எஃகுத் தகடு ஒன்று, அதிலிருந்து நீண்டு செல்லும் கரம், கரத்தின் நுனியில் கண்ணாடியின் அடிச்சட்டத்துக்குள் வழுக்கிச் செல்லும் சிறு பிளாஸ்டிக் துண்டு, கண்ணாடியின் பாரத்தில் ஒரு பகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் தட்டையான சுருள்வில். இந்தச் சுருள்வில்லுக்குள் அடங்கிக் கிடக்கும் விசையை லேசாக மதிக்கலாகாது. பல்தகட்டை இடுக்கியால் இறுகப் பிடித்து அசையாமல் நிறுத்தாதவரை எந்தத் திருகையும் தொடாதே என்பதே, பட்டறையின் தலைமைத் தொழில்வல்லுநரான மைஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம். அந்தப் பாடத்தை அலட்சியம் செய்தவர்களின் விரல்களையும் அவர் உதாரணமாகக் காட்டினார்.

ஆனால் இந்த யந்திரத்தின் உயிர்நிலை வெளியே தெரியாது. கைப்பிடியின் அச்சுக்குப் பின்னால், ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிஞ்சிய உருளைவடிவ எஃகு உறை இருக்கும். அதற்குள் நெருக்கமாகச் சுற்றிய எஃகுக் கம்பிச்சுருள் ஒன்று உறையின் உட்சுவரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுருளின் இரண்டு முனைகளும் உள்நோக்கி வளைக்கப்பட்டவை. கைப்பிடியை நாம் சுற்றும்போது, அதன் அச்சு சுருளின் முனையை எந்தப் பக்கம் தள்ளினால் சுருள் இறுகிச் சிறுக்குமோ அந்தப் பக்கமாகவே தள்ளுகிறது. சிறுத்த சுருள் சுவரைவிட்டு விலகித் தாராளமாகச் சுழல்கிறது. கண்ணாடியோ, தன் பாரத்தால் கீழே இறங்க முயலும்போது, அதே முனையை மறுபுறமாகத் தள்ளுகிறது. சுருள் விரிந்து சுவரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவுக்கெவ்வளவு கண்ணாடி பாரமாகத் தள்ளுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு பிடியும் இறுகும். ஆகவே கை கண்ணாடியை அசைக்கலாம். கண்ணாடி கையை அசைக்க முடியாது. பவேரியாவின் வடகோடியில் உள்ள கோபுர்க் நகரத்துப் பிரோஸே நிறுவனம் 1920களில் இத்தகைய தடையுள்ள கைப்பிடிப் பொறியைக் காப்புரிமையுடன் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பிச்சுருளை வைத்துக்கொண்டு பாரத்தையே பாரத்துக்குத் தடையாக்கிய அந்த யுக்தியை முதன்முதல் பிரித்துப் பார்த்த அன்று, மத்தியான ரொட்டியை மறந்து அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் பூட்டிய பொறியும் இதே தர்மத்தையே வேறொரு ரூபத்தில் அனுசரிக்கிறது. அங்கே மோட்டாரின் அச்சில் ஒரு திருகுப்பல்லும், அதோடு பொருந்திய ஒரு பற்சக்கரமும் உண்டு. திருகு சுழன்றால் சக்கரம் சுழலும். சக்கரத்தைப் பிடித்து எவ்வளவு திருகினாலும் திருகுப்பல் அசையாது, ஏனெனில் அதன் சரிவு அவ்வளவு குறைவு. அதற்கு அப்பால் பல்தகடு, கரம், வழுக்குத்துண்டு, அடிச்சட்டம் எல்லாம் அந்நாளைய கார்களில் பெரும்பாலும் ஒன்றேதான். இரண்டு கதவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்தவன், இவை ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு மதங்கள் என்று எண்ணமாட்டான். கண்ணாடியை ஏற்றுவது இந்த யந்திரங்களுக்குப் பெரிய காரியமே அல்ல. ஏற்றிய இடத்தில் அது நிற்க வேண்டும் என்பதுதான் காரியம். அதில் இரண்டும் சமானம். வித்தியாசம் எங்கே என்றால், கண்ணாடி ஏறும் வழியில் ஒரு தடை உண்டானால் அதை யார் முதலில் அறிகிறார்கள் என்பதில்தான்.

விசையால் கண்ணாடி ஓட்டும் பழக்கம் ஜேர்மனியில் தோன்றியதன்று. அமெரிக்காவில் பாக்கார்ட் நிறுவனத்தார் 1940லேயே எண்ணெய் அழுத்தத்தால் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்கள். யுத்தத்தின் பாழிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஜேர்மனியிலோ, கார் கிடைத்ததே பெரும்பேறாக இருந்த காலத்தில், அதன் கண்ணாடி தானாக ஓட வேண்டும் என்று யார் கேட்பார்கள்? வோல்க்ஸ்வாகன் வண்டுக்காரில் மெல்லிய கைப்பிடி ஒன்றும், முன்னோரத்தில் காற்றைத் திருப்பிவிடும் முக்கோணக் கண்ணாடியும் இருந்தன. அதன் உடல் காற்றுப் புகாதவாறு கச்சிதமாக அமைந்திருந்தபடியால், கதவை அறைந்து சாத்துவதற்கு மறுபக்கத்துக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிக்கொள்வது அதை ஓட்டியவர்களின் ஆசாரம். 1960களின் முற்பகுதியில் பி.எம்.டபிள்யூ. 3200 சி.எஸ். என்ற அழகிய இருகதவு வண்டியில் கோபுர்க் நகரத்தாருடைய மின்பொறி ஏறியது. கைப்பிடிக்குத் தடைச்சுருள் செய்து கொடுத்தவர்களே மோட்டாருக்கும் பொறி செய்து கொடுத்தார்கள் என்பது, நான் மேலே சொன்ன உறவுமுறைக்குப் போதுமான சாட்சி.

மின்சாரத்தையே வேண்டாம் என்று தள்ளிய ஒரு காரும் உண்டு. 1963ஆம் வருஷத்துப் பிராங்க்பர்ட் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் காட்சிக்கு வைத்த 600 என்ற மாதிரி, 1981 வரையில் ஆர்டருக்கு மாத்திரமே செய்யப்பட்டு மொத்தம் 2,677 என்ற எண்ணிக்கையோடு நின்றுபோனது. அதன் கண்ணாடிகள், இருக்கைகள், பின்பெட்டி மூடி முதலிய யாவும் இஞ்சினால் ஓடும் பம்பு ஒன்று ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில் சேமித்துவைக்கும் எண்ணெயால் இயங்கின. அக்காலத்து மோட்டார்கள் அத்தகைய காருக்கு ஒவ்வாத இரைச்சல் உடையவை என்று அதை வகுத்தவர்கள் கருதினார்கள். எங்கள் பட்டறைக்கு அப்படி ஒன்று வந்தபோது, அதைப் பல்லாண்டு ஓட்டிய சாரதியும் கூடவே வந்திருந்தார். பொத்தானை விரல் நுனியால் லேசாக அழுத்தினார். அவ்வளவு பெரிய கண்ணாடி, நகர்கிறதா இல்லையா என்று சந்தேகிக்கும்படி மெதுவாக இறங்கிற்று. சற்றுப் பலமாக அழுத்தினார்; அது விழுவதுபோல இறங்கி, கடைசி விரற்கடையில் மறுபடி மெதுவாகி நின்றது. இஞ்சின் அணைந்திருந்தது, சப்தம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பொத்தான் என்று நாம் நினைப்பது அந்தக் காரில் எண்ணெய்க் குழாயின் வால்வே ஆகையால், விரலின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு எண்ணெய்தான் செல்லும். “இதற்குள் விரல் வைக்காதே, இதற்குக் கருணை கிடையாது,” என்றார் அவர். வாஸ்தவம். தடை என்று ஒன்று இருப்பதையே அறியாத பலம் அது. அந்தக் குழாய்களில் ஒன்றைக் கழற்றுவதற்கு முன்னால் அழுத்தத்தை முற்றும் வெளியேற்ற வேண்டும். ஊசிமுனைத் துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகவல்லது.

ராஜாக்களும் ஜனாதிபதிகளும் ஏறிய அந்தக் காரை விட்டு, என் ஜீவனத்துக்கு ஆதாரமாயிருந்த காருக்கு வருகிறேன். 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 இலட்சம் செய்யப்பட்ட டபிள்யூ 123 என்னும் பென்ஸ் வரிசை, இந்த விவாதத்துக்கென்றே படைக்கப்பட்டதோ என்று தோன்றும். ஏனெனில் பெரும்பாலும் அதில் கைப்பிடியே இயல்பு. அதிகப்படி பணம் கட்டியவர்களுக்கு மோட்டார். நான்கு கதவுக்கும் கேட்கலாம். முன்கதவு இரண்டுக்கு மாத்திரமும் கேட்கலாம். ஒவ்வொரு காரோடும் வரும் விவரச்சீட்டில் 584 என்ற எண் இருந்தால் நான்கும் மின்சாரம் என்று அர்த்தம். வெண்தந்த வர்ணத்து டீசல் டாக்ஸிகளின் சொந்தக்காரர்கள் அந்தப் பணத்தைக் கட்டவில்லை. வைத்தியர்களும் ஆலை அதிபர்களும் கட்டினார்கள். நாற்பது வருஷம் சென்ற பின்னர் இருவகைக் கதவுகளும் ஒரே மேசைக்கு வரும்போது, ஒரே வயதுடைய ஒரே உடம்பில் இரண்டு யந்திரங்களின் குணபேதத்தைச் சோதித்துப் பார்க்கும் வசதி எனக்குத் தானாக அமைந்தது.

இளைப்பாறிய பள்ளி ஆசிரியை ஒருவர் தம் கைப்பிடிக் கண்ணாடியுள்ள 240 டி என்னும் டபிள்யூ 123 காரோடு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வருவார். ஒரு வருஷம், “இடதுபக்கத்துக் கண்ணாடி கோடைக்குப் பிறகு கொஞ்சம் கனத்திருக்கிறது,” என்றார். கண்ணாடி கனக்கவில்லை, அது ஓடும் தடத்தில் உள்ள ரப்பர் காய்ந்து, அதன் மேலிருந்த மென்மயிர்ப் பூச்சு தேய்ந்து, புழுதி படிந்து உராய்வு மிகுந்திருந்தது. தடத்தைத் துணியும் மெல்லிய குச்சியும் கொண்டு சுத்தம் செய்து, சிலிக்கன் தெளித்து, மெழுகாக உறைந்துபோயிருந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதியதைப் பூசி, வழுக்குத்துண்டை மாற்றி, அன்று மாலையே காரைத் திருப்பிக் கொடுத்தேன். அதே மாதத்தில், அதே வயதுள்ள மின்கண்ணாடிக் கார் ஒன்று இழுவை வண்டியில் வந்தது. அதன் சொந்தக்காரர் சொன்னார்: “நேற்றுவரை நன்றாக ஓடிற்று, இன்று சுங்கச்சாவடி வரிசையில் இறக்கினேன், ஏறவே இல்லை.” கதவைத் திறந்து பார்த்தால் அதே காய்ந்த ரப்பர், அதே உறைந்த கிரீஸ். மோட்டார் மாத்திரம் கருகியிருந்தது. நேற்றுவரை நன்றாக ஓடிற்று என்று அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் நேற்றுவரை அந்த மோட்டார் தன் சக்திக்கு மிஞ்சி உழைத்துக்கொண்டிருந்ததை அவருக்கு அறிவிக்க அதனிடம் வாய் இல்லை.

என் தொழில் எனக்குக் கற்பித்த சாரம் இவ்வளவுதான். கைப்பிடி வேலை வாங்குகிறது என்று குறை சொல்கிறவர்கள், அந்த வேலையோடு சேர்ந்து ஒரு செய்தியும் கைக்கு வருகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உராய்வு சிறிது சிறிதாக வளர்வதை மணிக்கட்டு மாதக்கணக்கில் முன்னதாக அறிந்துவிடுகிறது. மோட்டார் அந்தச் சிரமத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, அதோடு செய்தியையும் விழுங்கிவிடுகிறது. உறைபனிக் காலத்தில் இது இன்னும் விளக்கமாகத் தெரியும். ஜனவரி மாதத்து அதிகாலையில் கண்ணாடி ரப்பரோடு ஒட்டி உறைந்திருக்கும். கைப்பிடியைத் தொட்டவன் முதல் கால்சுற்றிலேயே நிறுத்திவிடுவான். பொத்தானை அழுத்துகிறவன் அழுத்திக்கொண்டே இருப்பான். மோட்டார் தன் முழுப்பலத்தையும் காட்ட, எங்கோ ஒரு பிளாஸ்டிக் துண்டு முறியும், அல்லது கரம் கண்ணாடியின் அடிச்சட்டத்தைவிட்டு நழுவும். குளிர்காலத்தில் எனக்கு வந்த வேலையில் பெரும்பகுதி இந்த அழுத்தத்தின் பயனே.

மோட்டாரின்மேல் சுமத்தப்படும் பழிகளில் பல அதற்குரியவை அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மெதுவாக ஏறும் மின்கண்ணாடியைக் கண்டவுடன் மோட்டாரை மாற்றச் சொல்கிறவர்கள் அநேகர். நான் முதலில் வோல்ட் மானியைத்தான் எடுப்பேன். இஞ்சின் ஓடுகையில் பாட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும். கண்ணாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் முனையில் அளந்தால் 9 வோல்ட் காட்டும். மீதி எங்கே போயிற்று? வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் தன் சுங்கத்தை வசூலித்திருக்கிறது. அந்தக் கார்களில் பியூஸ் என்பது இருபுறமும் கூர்முனையுள்ள சிறு தண்டு. அதன் மேல் மெல்லிய உலோகப்பட்டை ஓடும். 8 ஆம்பியர் வெள்ளை, 16 ஆம்பியர் சிவப்பு. முனைகளில் களிம்பேறிவிட்டால் மின்சாரம் இளைத்துப்போகும். விரலால் அதை அதன் இடத்திலேயே இரண்டுமுறை உருட்டிவிட்டால் கண்ணாடி புத்துயிர் பெற்று ஓடுவதைக் கண்டு வாய்பிளந்து நின்றவர்கள் உண்டு. அடுத்தது பொத்தான். மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்தச் சிறு பொத்தானின் தொடுமுனைகள் வழியாகவே செல்வதால் அவை கருகும். அதற்கும் அடுத்தது, கதவுக்கும் தூணுக்கும் இடையே ரப்பர் உறைக்குள் செல்லும் கம்பி. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது வளைந்து நிமிர்ந்து, கடைசியில் உறை முழுசாயிருக்க உள்ளே செம்பு அறுந்துபோகும். இவ்வளவையும் பார்த்த பிறகே மோட்டாரைக் கழற்றுவேன். கழற்ற வேண்டியதில்லை என்ற முடிவுக்கே பெரும்பாலும் வருவேன்.

எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவன் அப்படியொரு டபிள்யூ 123 காரோடு ஒருநாள் வந்தான். அவனுடைய தகப்பனார் இந்நாட்டுக்கு வந்த புதிதில், உணவகமொன்றில் பாத்திரம் கழுவிவிட்டு நள்ளிரவில் நடந்துவரும்போது, டாக்ஸி நிறுத்தத்தில் வரிசையாக நின்ற அந்தக் கார்களைப் பார்த்து ஆசைப்பட்டவராம். மகன் வாங்கிவிட்டான், ஆனால் கைப்பிடி அவனுக்குப் பிடிக்கவில்லை.

“அண்ணை, இந்தச் சுத்துறதைக் கழட்டிப்போட்டு பவர் ஷட்டர் போட்டுத் தாங்கோவன். அப்பாக்குக் கை ஏலாது.”

“அப்பாக்குக் கை ஏலாதோ, உமக்குச் சுத்த விருப்பமில்லையோ?” என்றேன்.

சிரித்தான். “ரெண்டும்தான் அண்ணை.”

அவனை உட்காரவைத்து, இந்த மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விரித்துச் சொன்னேன். மோட்டாரும் அதற்குரிய பொறியும் மாத்திரம் போதாது; நடுமேடையில் கியர் அருகே பொத்தான் பொருந்தும் பலகை, கதவுவரை செல்லும் கம்பிக்கொத்து, கைப்பிடித் துவாரம் இல்லாத உட்பலகை, இவையெல்லாம் ஒரே தலைமுறைக் கார் ஒன்றிலிருந்து முழுசாகக் கிடைத்தால்தான் காரியம் ஒப்பேறும். சட்டத்தில் தடையில்லை. முப்பது வயது கடந்த கார்களுக்கு 1997 முதல் வழங்கப்படும் ‘எச்’ இலக்கத் தகடு, ஆலையே அக்காலத்தில் விற்ற உபகரணத்தைப் பூட்டுவதால் பறிபோகாது. அன்றியும், முதலில் தடத்து ரப்பரை மாற்றுகிறேன், பிறகு சுற்றிப் பார்த்து முடிவு சொல் என்றேன். மாற்றினேன். இரண்டு விரலால் சுற்றும் அளவுக்குக் கைப்பிடி இளகிற்று. அவன் அதை ஒப்புக்கொண்டான். ஆனால் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தகப்பனாருடைய மணிக்கட்டு வாதத்தால் வீங்கியிருப்பதை அவர் நேரில் வந்தபோது நானே பார்த்தேன். முன்கதவு இரண்டுக்கும் மோட்டார் பூட்டினேன். பின்கதவுக் கைப்பிடிகளை விட்டுவைத்தோம். ஆலையிலிருந்தே அப்படி வெளிவந்த கார்கள் உண்டு என்பதால் அதில் அழகுக்கேடும் இல்லை.

அந்தப் பெரியவருடைய மணிக்கட்டை நினைக்கும்போது, கைப்பிடியைப் பற்றிப் புளகாங்கிதம் அடையும் அபிமானிகளோடு என்னால் முற்றும் சேரமுடிவதில்லை. கை செய்தி அறியும் என்பது கை நன்றாயிருப்பவனுக்குப் பொருந்தும் வாதம். தனியே காரோட்டும் ஒருவர், மறுபக்கத்துக் கண்ணாடியை இறக்கி வழி கேட்பதற்குப் பக்கத்து இருக்கையின்மேல் படுத்து எட்டவேண்டிய அவசியம் இல்லாமற் செய்தது மோட்டார்தான். ஆயினும் அதற்குரிய ஆபத்தும் உண்டு. பின்னிருக்கையில் முழந்தாளிட்டு நிற்கும் குழந்தையின் முழங்கால் பொத்தானில் பட்டால், அந்நாளைய மோட்டார் குழந்தையின் கழுத்தையும் காற்றையும் வேறுபடுத்தி அறியாது. தடை பட்டவுடன் தானே பின்வாங்கும் அறிவு பிற்கால மோட்டார்களுக்கே வந்தது. ஆகையினாலேதான் டபிள்யூ 123 காரில் பின்பக்கத்துப் பொத்தான்களைச் சாரதி முடக்கிவைக்க ஒரு தனிவிசை வைத்தார்கள். பழைய மின்கண்ணாடிக் காரைக் குடும்பத்தோடு உபயோகிக்க வருகிறவர்களுக்கு, வேறெதையும் காட்டுவதற்கு முன்னால் அந்த விசையையே நான் காட்டுவது வழக்கம்.

ஏழையின் உபகரணம் செல்வரின் ஆபரணமான விசித்திரத்தையும் இந்தத் தொழிலில் கண்டேன். 1972இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ்., 2.7 லிட்டர், 210 குதிரைவலு. அதன் இலகுவான வகையில் பாரம் குறைப்பதற்காகக் கதவின் உட்பலகையை வெறும் பலகையாக்கி, திறப்பதற்கு ஒரு வார்ப்பட்டை வைத்தார்கள். அந்தப் பரம்பரையில் 1990களின் தொடக்கத்தில் வந்த 964 ஆர்.எஸ்., 968 கிளப் ஸ்போர்ட் ஆகியவற்றிலும், சாதாரண மாதிரிகளில் இருந்த மோட்டாரை எடுத்துவிட்டுக் கைப்பிடி வைத்தார்கள். டாக்ஸிக்காரர் காசில்லாமல் ஏற்றுக்கொண்ட கைப்பிடியை இன்று அதிகப் பணம் கொடுத்துத் தேடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது 1954இல் பிறந்த பென்ஸ் 300 எஸ்.எல்.; மேல்நோக்கித் திறக்கும் அதன் கதவுக்குள் கண்ணாடி இறங்க இடமே இல்லாததால், காற்று வேண்டுகிறவர் கண்ணாடியையே கழற்றி இருக்கைக்குப் பின்னால் பத்திரப்படுத்த வேண்டும். கைப்பிடியா மோட்டாரா என்று சண்டையிடுகிறவர்களுக்கு அந்தக் காரின் சொந்தக்காரர் புன்னகை மாத்திரமே பதிலாகத் தருவார்.

ஆகவே, எது மேல் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. காரை வாங்குமுன் நான்கு கண்ணாடிகளையும் முற்றும் இறக்கி ஏற்றுங்கள். பாதியில் நிறுத்திவைத்து, உள்ளங்கையால் கண்ணாடியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். அது சறுக்கினால் கைப்பிடிக் காரில் தடைச்சுருளும், மின்காரில் பற்சக்கரமும் தேய்ந்திருக்கின்றன அல்லது கரம் நழுவியிருக்கிறது. மின்கண்ணாடியானால், இஞ்சினை அணைத்தும் ஓடவிட்டும் இரண்டுமுறை சோதியுங்கள். இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன் பியூஸையும் பொத்தானையும் பாருங்கள். பனிக்காலத்துக்கு முன்னால் தடத்தைச் சுத்தம் செய்து சிலிக்கன் தெளியுங்கள். கதவின் அடியிலுள்ள நீர்போகும் துவாரங்களைக் குச்சியால் குத்தி விடுங்கள். கைப்பிடிக் கார் வைத்திருக்கிறவருக்கு இவ்வளவு உபதேசம் தேவையில்லை; அவருடைய மணிக்கட்டே உரிய காலத்தில் அவரைப் பட்டறைக்கு அனுப்பிவிடும். மோட்டாரின் சௌகரியத்தை விரும்புகிறவரோ, கையிலிருந்து எடுத்துவிட்ட பொறுப்பைக் காதுக்குக் கொடுக்க வேண்டும். கண்ணாடி ஏறும்போது மோட்டாரின் சுருதி சென்ற மாதத்தைவிடத் தாழ்ந்து, முனகலாக மாறியிருக்கிறதா என்று வானொலியை நிறுத்திவிட்டு எப்பொழுதாவது ஒருமுறை கேட்டால் போதும். அந்த ஒரு நிமிஷத்துக் கவனத்தைச் செலுத்துகிறவர் தடத்து ரப்பருக்குப் பணம் கொடுப்பார். செலுத்தாதவர் ரப்பருக்கும் சேர்த்து மோட்டாருக்கும் கொடுப்பார்.